சலவை அறை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

நேற்று இரவு நம் குழந்தைகள் இல்லத்தில் அந்தச் சின்னப் பெண் விளக்கை அணைக்கச் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். காலை ஆறு மணி வரை எழுந்திருக்கவே இல்லை. நான்தான் மூன்று தடவை எழுந்து போய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். தூக்கமில்லாத கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த மாதங்கள் எப்படிப் போயின என்பது இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை, அவள் பெயரையும் எழுதப்போவதில்லை. அது அவளுடைய கதை. வளர்ந்தபின் தோன்றினால் அவளே சொல்லட்டும், தோன்றாவிட்டால் விடட்டும்.

அக்கா, முதலில் உங்களுக்கு. இல்லத்தில் சலவை பார்ப்பவருக்குக் காப்பாளர் ஊரறியக் கடிதம் எழுதுவாளா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேளுங்கள்.

அவள் வந்த அன்று கையில் ஒரு பழைய போர்வை மட்டும்தான் இருந்தது. புதிதாக வரும் பிள்ளைகளின் துணி அன்றைக்கே சலவைக்குப் போயாக வேண்டும் என்பது நம் வழக்கம். பேன், சொறி, மூட்டைப்பூச்சி என்று அதற்கான காரணமெல்லாம் நியாயமானதுதான். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதைக் கூடையில் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தவள் செய்த காரியம் அது. குளித்துவிட்டு வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை விட்டுவிடுகிறேன்.

மெஷினுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உங்கள் அறைக்கு ஓடிவந்தேன். தனியாக ஒரு வாளி. அதற்குள் போர்வை, காய்ந்தபடியே. வாளியின் மேல் டேப் ஒட்டி, கோணல்மாணலாக "இது வேண்டாம்" என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மூலைக்கு மூலை முடிச்சு போட்டிருக்கு. பிள்ளை போட்ட முடிச்ச நான் எப்படிம்மா அவுக்கிறது? பூச்சி இல்ல, மடிப்பு மடிப்பா பாத்துட்டேன்" என்றீர்கள். அவ்வளவுதான். உடனே அடுத்த துணியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள்.

துவைத்தால் போய்விடும் வாசனை ஏன் அவ்வளவு முக்கியம் என்று மனநல ஆலோசகர் பின்னால் எனக்கு விளக்கினார். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகுமாம். வாசனைக்கு அந்தச் சுற்று கிடையாது. பயத்தையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் நேரே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு வாசனை அடிபட்ட பிள்ளையை அந்தக் கெட்ட நாளுக்கே இழுத்துக்கொண்டு போகும். பிடித்த ஒருவரின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவும் வைக்கும். அந்தப் போர்வையில் யாருடைய வாசனை இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 39ஆம் பிரிவை நான் பயிற்சி வகுப்பில் பாடமாகவே எடுத்திருக்கிறேன். கொடுமைக்கு ஆளான குழந்தை உடலாலும் மனதாலும் மீண்டு வருவது அதன் உடல்நலத்தையும் சுயமரியாதையையும் கண்ணியத்தையும் வளர்க்கும் சூழலில் நடக்க வேண்டும் என்கிறது அது. நான் உடல்நலத்தைப் பிடித்துக்கொண்டேன். மற்ற இரண்டும் கூடையில் போய்விட்டன. நீங்கள் அவற்றை வாளியில் எடுத்து வைத்தீர்கள்.

அதோடு நீங்கள் விடவில்லை. சலவை நாள் வந்தால் அவள் கட்டிலருகே வந்து நின்று, "இன்னைக்குத் துவைக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அவள் வேண்டாம் என்று தலையாட்டுவாள். "சரி" என்று போய்விடுவீர்கள். ஏன் என்றோ, நாறுகிறதே என்றோ ஒரு சொல் கிடையாது. நாறத்தான் செய்தது, உள்ளபடி சொல்கிறேன். நான் எண்ணியவரை பதினொரு தடவை வேண்டாம் என்றிருக்கிறாள். அவள் சொன்ன "வேண்டாம்" அதற்கு முன் எந்த வீட்டில் எடுபட்டது?

பன்னிரண்டாம் தடவை மூன்று முடிச்சுகளை அவளே அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். நாலாவதைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "இது இருக்கட்டும்." நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல், "முடிச்சுக்குள்ள சோப்பு போகாது, பயப்படாத" என்றீர்கள். மெஷினில் போடாமல் கையாலேயே அலசினீர்கள். அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், உங்களுக்குத் தெரியாது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. முதல் ஆறு சந்திப்புகளிலும் அவளைப் பேசச் சொல்லாமல் கூட உட்கார்ந்து படம் வரைந்த ஆலோசகர், சுவரில் முதுகு சாய்த்துக் கதவைப் பார்க்கும்படி அவளுக்கு இடம் மாற்றித் தந்த வகுப்பாசிரியர், விளக்கைப் போடுமுன் "நான்தான், விளக்குப் போடப்போறேன்" என்று ஒவ்வொரு இரவும் சொன்ன இரவுப் பணித் தோழிகள், சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாத ஓட்டுநர் அண்ணன், தலையணைக்கு அடியில் அவள் சாப்பாட்டை ஒளித்துவைத்ததைக் கண்டும் யாரிடமும் போட்டுக்கொடுக்காத பெரிய பெண்கள், எல்லோருக்கும் நன்றி.

"குழந்தைதானே, மறந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போன பெரிய மனிதர்களுக்கு மட்டும் நன்றி கிடையாது. கதவு அறைந்தால் கட்டிலுக்கு அடியில் போகிற உடம்பு எதை மறந்தது? அமெரிக்காவில் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களைக் கேட்டு 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிறுவயதில் பட்ட துன்பத்தின் வகைகள் கூடக்கூடப் பிற்காலத்தில் இதயநோய் உட்படப் பல நோய்களும் அதிகம் காணப்பட்டதாக அது சொல்கிறது. அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் விதி என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நிலைத்து நின்றால் கணக்கு மாறும் என்பதை நேற்று இரவு பார்த்தேன். இன்று இரவு அவள் மறுபடி விளக்கைப் போடச் சொல்லலாம். சொன்னால் போடுவோம்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரியை என் கையாலேயே சேர்த்திருக்கிறேன், அக்கா. "துவைக்கக் கூடாத பொருள் ஏதும் உண்டா? பிள்ளையிடம் கேட்கவும்." மேலிடம் அச்சில் ஏற்றுகிறதோ இல்லையோ, நான் இருக்கும்வரை பேனாவால் எழுதிக்கொண்டே இருப்பேன்.

நாளை மறுநாள் புதிதாக ஒரு பையன் வருகிறான். அவனிடம் கேட்டபிறகுதான் கூடையை எடுப்பேன். உங்கள் வாளியில் அந்த டேப் இன்னும் ஒட்டியிருக்கிறது, உரித்துவிடாதீர்கள்.