நீவிவிடும் முன் ஒரு எக்ஸ்ரே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை இரத்தப் புற்றுநோயை விரிவாக விளக்கிவிட்டு, எலும்பிலும் அதைச் சுற்றிய மென்திசுக்களிலும் அரிதாகத் தோன்றும் யூயிங் சார்கோமாவை ஒரே வரியில் முடித்துவிட்டது. இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதாது.

1921-இல் ஜேம்ஸ் யூயிங் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த இந்நோய், பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் தொடை, கால், இடுப்பு, விலா எலும்புகளில் வருகிறது. வலி முதலில் விட்டுவிட்டு வரும், இரவில் கூடும். சிலருக்குக் காய்ச்சலும் இருப்பதால் எலும்பில் சீழ் பிடித்ததாகவே தோன்றும். வலை இழுப்பதும் வள்ளம் தள்ளுவதும் பையன்களுக்கு அன்றாட வேலையாக உள்ள எங்கள் ஊரில், கால் வீங்கினால் எங்கோ அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவி, பத்தை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். முறிந்த எலும்பைச் சேர்க்கும் நாட்டு வைத்தியர்களின் கைத்திறனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெரு மாணவன் ஒருவனுக்கு, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய சமயம் போட்ட கட்டு, விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போன பிறகும் மஞ்சள் கறையோடு முழங்காலுக்கு மேல் அப்படியே இருந்தது. எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

அடிபட்டதால் இந்நோய் வருவதில்லை. பெரும்பாலானோருக்கு 11, 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதே காரணம். அது பெற்றோர் வழியாக வருவதல்ல என்பதால், தாய்வழியைப் பழிப்பதில் நியாயமில்லை.

படத்தில் சந்தேகம் எழுந்தால், அவசரப்பட்டு உள்ளூரிலேயே கட்டியைக் கீறிவிடக் கூடாது. சதைத் துணுக்கு எடுக்க ஊசி சென்ற பாதையையும் பின்னர் கட்டியோடு சேர்த்து நீக்க வேண்டியிருக்கும் என்பதால், அறுவை சிகிச்சை செய்யப்போகும் மையமே அந்தச் சோதனையையும் செய்வது நல்லது. தவறான இடத்தில் கீறினால், காப்பாற்றக்கூடிய காலையும் இழக்க நேரிடலாம். சிகிச்சை முதலில் கீமோதெரபி, பிறகு அறுவையோ கதிர்வீச்சோ, மீண்டும் கீமோதெரபி எனப் பல மாதங்கள் நீளும். மேலை நாட்டுக் கணக்குப்படி, பரவாத நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். நுரையீரலுக்கோ பிற எலும்புகளுக்கோ பரவியபின் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

எனவே, பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு, தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி உண்டா என்றும் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி வலித்தால் எக்ஸ்ரே எடுத்து, தேவைப்பட்டால் மதுரைக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்பும் நடைமுறையை மாவட்டச் சுகாதாரத் துறை வகுக்க வேண்டும்; முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்தும் வழியையும் அங்கேயே சொல்லி அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தங்கச்சிமடம்.