புத்தகத்தின் பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் எல்லோர் முன்னாலும் கூச்சமில்லாமல் படிக்கக்கூடிய கதைப் புத்தகங்களைச் சொல்லுங்கள் என்று இந்தப் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் எழுத்தாளர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒருவர், இலக்கியத்தில் சுத்தம் அசுத்தம் பார்க்கலாமா என்று கேட்டவரையே கடிந்துகொண்டார். இரண்டு விதப் பதிலாலும் அந்த வாசகிக்குப் பிரயோஜனம் இல்லை. இந்த விஷயத்தில் கொஞ்சம் அடிபட்டவன் என்பதால் நானும் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு வயது 74. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. ஆள் வருவது தெரியும், எழுத்து தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். மனதுக்குள் படிக்கும்போது கண் சில வரிகளைத் தாண்டி ஓடிவிடும். வாய்விட்டு வாசித்தால் அப்படித் தப்ப முடியாது, ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்தாக வேண்டும். அதுவும் அக்காவிடம். எனக்கே 68 ஆகிறது, இன்னும் காது சூடாகிறது.

அக்கா ஒன்றும் கட்டுப்பெட்டி இல்லை. அவருடைய சட்டம் விசித்திரமானது. கொலை நடக்கலாம். கோபத்தில் ஒருவன் வைதால் வையலாம். கட்டில் வரைக்கும் கதை போகக் கூடாது, நாய் சாகக் கூடாது. எனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு இது அப்படியே தலைகீழ்: காதல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ரத்தம் மட்டும் ஆகாது. ஆக, 'நல்ல கதை' என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கு எது நல்லது என்று எப்படித் தெரியும்?

எங்களுக்கு நேர்ந்த விபத்தைச் சொல்கிறேன். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையை ஒருநாள் வாசித்தேன். ரயிலில் அப்பாவோடு போகும் சிறுவன், வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போகப்படும் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆரஞ்சைக் கொடுத்துவிடுவான். அவ்வளவுதான் கதை. முடித்தபோது அக்கா பேசவே இல்லை. அப்புறம், "டேய், இவர் எழுதினதை எல்லாம் கொண்டா" என்றார். நூலகத்தில் அடுத்துக் கையில் கிடைத்தது 'அம்மா வந்தாள்'. பெயரைக் கேட்டதும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம், நல்ல குடும்பக் கதையாகத்தான் இருக்கும் என்றார். குடும்பக் கதைதான். வேதபாடசாலையில் வளர்ந்த பையன் வீட்டுக்கு வந்து, தன் தாய்க்கு வேறொரு ஆணுடன் இருக்கும் உறவைத் தெரிந்துகொள்கிற கதை! அது வெளிவந்த காலத்தில் எழுந்த சர்ச்சையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நாலாம் நாள் என் குரல் தடுமாற ஆரம்பித்தது. இரண்டு பத்திகளை முழுங்கினேன். "ஏன்டா கதை குதிக்குது?" என்று அக்கா கண்டுபிடித்துவிட்டார். அத்தோடு மூடினோம். மிச்சத்தை நான் ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். அசாத்தியமான நாவல், அதன் மேல் ஒரு குறையும் இல்லை. தப்பு, எழுத்தாளர் பெயரை மட்டும் நம்பிப் போன என்னுடையது.

கி. ராஜநாராயணனும் அப்படித்தான். பறவைகளின் பின்னால் திரியும் சிறுவனைப் பற்றிய 'பிஞ்சுகள்' எந்த வீட்டிலும் வாசிக்கலாம். அதே கி.ரா. தொகுத்த பாலியல் நாட்டுப்புறக் கதைகளுக்குப் பெயரே 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'. அட்டையிலேயே நேர்மையாகச் சொல்லிவிட்டார், எல்லோரும் இப்படிச் சொன்னால் எனக்கு வேலை மிச்சம். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' அம்மா, தம்பிகள், குழந்தைகள், கோழிகள் என்று நிரம்பி வழியும் வீட்டுக் கதை. எழுத்தாளரின் புத்தகங்களையே ஆடு தின்றுவிடும் இடத்தில் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதே பஷீர் 1947இல் எழுதிய 'சப்தங்கள்' எங்கள் சாயங்காலத்துக்கு ஒத்துவராது. ஆகவே, பரிந்துரைப்பவர்கள் தயவுசெய்து புத்தகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்த இன்னும் சில: தேவனின் 'துப்பறியும் சாம்பு' (அசட்டு மனிதர், அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்குவார், அலுத்த நாளில் ஒரு அத்தியாயம் போதும்). கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் மொத்தம் 56, அதில் இன்னும் பாதிகூட முடியவில்லை. அகதா கிறிஸ்டியையும் அக்காவுக்குப் பிடிக்கும். முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர் அவர், விஷம் பற்றி நன்றாகத் தெரியும். அவர் கதைகளில் பிணம் விழும், ஆனால் ரத்தத்தைப் பக்கம் பக்கமாக விவரிக்க மாட்டார்.

'டோட்டோ-சான்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகள்தான் அந்தப் பள்ளியின் வகுப்பறைகள். முதல் நாள் அந்தச் சிறுமி பேசப் பேசத் தலைமையாசிரியர் மணிக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் போலியோவால் பாதிக்கப்பட்ட நண்பன் நடுவில் இறந்துபோவான், கடைசியில் பள்ளியே குண்டுவீச்சில் எரிந்துபோகும். இதை முன்கூட்டியே சொல்லாமல் குழந்தைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். அக்கா அழுதார். நிறுத்தட்டுமா என்றேன். "அழறதுக்கென்ன, வாசி" என்றார்.

உங்கள் பத்திரிகையின் நூல் அறிமுகப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். கடைசியில் இரண்டே வரி சேர்த்தால் போதும்: பாலியல் வர்ணனை உண்டா, வன்முறை எந்த அளவு, குழந்தைகள் அருகில் இருக்கும்போது வாசிக்கலாமா. திரைப்படத்துக்குத் தருவது போல் சான்றிதழ் கேட்கவில்லை, எதையும் வெட்டச் சொல்லவும் இல்லை. வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பௌட்லர் குடும்பம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரைக் குடும்பத்தோடு வாசிக்க ஏற்றதாக்குகிறோம் என்று 1807இல் ஒரு பதிப்புப் போட்டு, 1818இல் அதை விரிவாக்கினார்கள். 'நாசமாய்ப் போன கறை' என்று லேடி மாக்பெத் சொல்வது அதில் 'செந்நிறக் கறை' ஆகிவிட்டது. இன்னொரு நாடகமான 'நான்காம் ஹென்றி'யிலிருந்து ஒரு விலைமாதுவின் பாத்திரத்தையே தூக்கிவிட்டார்கள். அவர்களுடைய பெயர் கடைசியில் ஆங்கிலத்தில் புத்தகத்தைச் சிதைப்பதற்கான வினைச்சொல்லாகி அகராதியில் ஏறிவிட்டது. நானும் இரண்டு பத்திகளை முழுங்கியவன்தான், அதிகம் பேசக் கூடாது.

இப்போது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஓடிக்கொண்டிருக்கிறது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது, 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுபோனது. ஓலைச்சுவடி தேடி அலைந்ததையும், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு முடித்ததையும் துப்பறியும் கதை போல வாசிக்கலாம். ஒரு பக்கத்தில்கூட நான் தடுமாறவில்லை. சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. "இத்தனை பாடுபட்டுப் பதிப்பிச்சிருக்காரே, அடுத்து அந்தச் சிந்தாமணியை உரையோட வாசிச்சிடு" என்கிறார் அக்கா. எழுதியவர் சமணத் துறவி என்று நான் வாய்தவறிச் சொன்னதில் அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. நாயகன் எட்டுப் பெண்களை மணக்கிறான், அந்தக் காவியத்துக்கு மணநூல் என்றே இன்னொரு பெயர் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அதில் எந்தெந்தப் பகுதிகளை அக்காவிடம் வாய்விட்டு வாசிக்கலாம் என்று விவரம் தெரிந்த வாசகர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். 'என் சரித்திரம்' முடிய இன்னும் சில அத்தியாயங்கள் இருக்கின்றன. அவசரமில்லை.

இப்படிக்கு,
அக்காவுக்கு வாசிக்கும் ஒரு தம்பி