நிக் டிரேக்கின் பாட்டுகளை நம் காதுவரை சேர்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கிட்டார் மீட்டிப் பாடிய ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் உயிரோடு இருந்தபோது வெளிவந்தவை மூன்றே இசைத்தட்டுகள். 1948-இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தின் டான்வொர்த்-இன்-ஆர்டன் கிராமத்தில் வளர்ந்து, 1974 நவம்பரில் 26 வயதில் மறைந்தார். மூன்று தட்டுகளும் அப்போது விற்கவில்லை. மேடையில் பாட்டுக்குப் பாட்டு கிட்டாரின் சுருதியை மாற்றிக் கூட்டுவதற்குள் சபையின் கவனம் கலைந்துவிடும். சீக்கிரமே மேடையை விட்டுவிட்டார். வளர்ந்தபின் அவர் பாடுவதைக் காட்டும் படச்சுருள் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஒலிப்பதிவுகளை விட்டால் அவரை அறிய நமக்கு வேறு வழி குறைவு. அவற்றைப் பதிந்தவர்களுக்கும் காத்தவர்களுக்கும், அந்தப் பாட்டுகளை வாசித்துப் பழகுகிற எல்லார் சார்பிலும் இந்த மடல்.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நிக் பாடுவதைக் கேட்டுவிட்டு, தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொன்னார். எல்லாம் தொடங்கியது அங்கேதான்.

ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். செல்சியில் அவருடைய சவுண்ட் டெக்னிக்ஸ் கூடம் முன்பு பால் பண்ணைக் கட்டடமாக இருந்தது. கூரை நடுவில் உயரம், இரு ஓரங்களிலும் தாழ்வு. உயரமான இடத்தில் வயலின்களின் நாதம் விரியும்; தாழ்ந்த இடத்தில் ஒலி இறுகி நெருக்கமாகக் கேட்கும். ஒரே அறையில் இரண்டு குணமும் கிடைத்ததால் தந்தி வாத்தியக் குழுவையும் பாடகரையும் சேர்த்தே பதிய முடிந்தது. 1969-இல் வந்த ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ தட்டில் ‘ரிவர் மேன்’ அப்படிப் பதிந்ததுதான். ஐந்து எண்ணிக்கையில் ஓடும் பாட்டு அது. கிட்டாரைத் தனியாகப் பதிந்து பிறகு வயலின்களை ஒட்டியிருந்தால் அந்த அசைவு நின்றிருக்காது என்பதே எங்கள் எண்ணம். அதற்குத் தந்தி இசை எழுதிய ஹாரி ராபின்சனுக்கும் நன்றி.

ராபர்ட் கர்பி அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர், ஒலிப்பதிவுக் கூட அனுபவம் இல்லாதவர். தந்தி இசை எழுத முதலில் அமர்த்தியவரின் வேலை பொருந்தாமல் போக, நிக் தானே இவர் பெயரைச் சொன்னார். கர்பி தந்தி இசை எழுதிய ‘வே டு ப்ளூ’ பாட்டில் கிட்டாரே கிடையாது, குரலும் தந்தி வாத்தியங்களும் மட்டும். ஒரு கிட்டார் கலைஞரின் முதல் தட்டில் கிட்டாரை எடுத்துவிடத் துணிந்தது பெரிய காரியம். டேனி தாம்சனின் பேஸ், ‘நார்தர்ன் ஸ்கை’ பாட்டில் ஜான் கேலின் செலஸ்டா (மணிபோல் ஒலிக்கும், பியானோ போன்ற வாத்தியம்), இரண்டும் பாட்டோடு பிறந்தவை போலவே ஒலிக்கின்றன.

‘பிங்க் மூன்’ தட்டு 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது. கூடத்தில் நிக், வுட், வேறு யாரும் இல்லை. 11 பாட்டு, 28 நிமிடம். தலைப்புப் பாட்டில் பின்னர் சேர்த்த சிறு பியானோ இழை ஒன்றுதான் கூடுதல். எதையும் சேர்க்காமல் விட்ட வுட்டின் கட்டுப்பாட்டுக்குத் தனி நன்றி.

அந்தப் பாட்டுகளின் சுருதி அமைப்பைக் காதால் கேட்டே கண்டுபிடித்து எல்லாருக்கும் கொடுத்த, பெயர் தெரியாத கிட்டார்க்காரர்களுக்கு எங்கள் கடன் அதிகம். ‘பிங்க் மூன்’ பாட்டுக்கு ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்திவரை சி, ஜி, சி, எஃப், சி, இ என்ற சுரங்கள். எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கேபோ என்ற பிடி இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி). வழக்கமான சுருதியிலிருந்து ஆறாம் தந்தியை நான்கு அரைச்சுரம் இறக்க வேண்டும்; ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளை இரண்டிரண்டு அரைச்சுரம்; இரண்டாம் தந்தியை மட்டும் ஓர் அரைச்சுரம் ஏற்ற வேண்டும்; முதல் தந்தியைத் தொட வேண்டாம். இரண்டாம் தந்தி பழையதாக இருந்தால் அறுந்துபோகலாம், முதலிலேயே மாற்றிவிடுங்கள். கனமான தந்திகள் தளர்ந்ததும் கழுத்தின் இழுவிசை குறைந்து மற்றவை சற்று ஏறிவிடும். அதனால் ஒரு சுற்று போதாது, இரண்டு சுற்று கூட்ட வேண்டும். ஆறாம் தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் அடித்து இரையும், ஓங்கி மீட்டினால் சுருதியும் மேலே எகிறும். 0.053 அங்குலத் தடிமனுள்ள தந்திக்குப் பதில் 0.056 அங்குலத் தந்தி போட்டால் பெருமளவு சரியாகும். கேபோவை ஃப்ரெட்டை ஒட்டி மாட்டி, மாட்டியபின் மறுபடி சுருதி பாருங்கள்.

ஜோ பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்றபோது, நிக்கின் தட்டுகள் எந்நாளும் விற்பனைப் பட்டியலிலிருந்து நீங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். விற்காத தட்டுக்கு அப்படியொரு காவல்! பல ஆண்டுகள் கழித்து ஒரு கார் விளம்பரத்தில் ‘பிங்க் மூன்’ ஒலித்து, புதியவர்கள் தேடி வந்தபோது, கடையில் தட்டு இருந்தது.

வீட்டு டேப்புகளில் மகனையும் மனைவியையும் பதிந்து வைத்த தந்தை ராட்னிக்கும், தேடி வந்த ரசிகர்களை வீட்டுக்குள் அழைத்த அந்தப் பெற்றோருக்கும், இன்றுவரை இந்தச் சொத்தைப் பேணும் அக்கா கேப்ரியலுக்கும் வணக்கம். 2007-இல் வந்த ‘ஃபேமிலி ட்ரீ’ தொகுப்பில் தாய் மோலியின் இரு பாட்டுகளும் உள்ளன. அவருடைய பியானோவைக் கேட்டால், மகனின் கிட்டார் எங்கே கற்றது என்று புரிந்துவிடும்.

நன்றியுடன்,
நிக் டிரேக் பாட்டுகளை வாசிப்பவர்கள்