கோமுகம் போகிறவர்கள் கங்கோத்ரியில் ஒரு நாள் தங்கட்டும்

ஆசிரியருக்கு,

உத்தராகண்டில் கங்கை பிறக்கும் பனியாற்றின் முகப்பான கோமுகத்துக்குச் செல்லும் நடைபாதை திறக்கப்பட்ட செய்தியைப் படித்தேன். நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி என்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. பின்வாங்கிக்கொண்டே போகும் பனியாற்றின் வாசலில் திருவிழாக் கூட்டம் எதற்கு? பயண ஏற்பாட்டாளர்கள் போட்டுத் தரும் அவசரத் திட்டம்தான் ஆபத்து. எங்கள் குழுவை ரிஷிகேஷிலிருந்து ஒரே நாளில் வேனில் கங்கோத்ரிக்கு, அதாவது சுமார் 3,100 மீட்டர் உயரத்துக்கு, ஏற்றிவிட்டார்கள். மறுநாள் காலையே 14 கி.மீ. நடந்து சுமார் 3,800 மீட்டரில் உள்ள போஜ்பாசா. அன்றிரவு என் மைத்துனருக்குத் தலைவலி, வாந்தி. வெந்நீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கோமுகத்துக்கு இன்னும் நான்கே கி.மீ. சரி, உயிர்தான் முக்கியம் என்று விடிந்ததும் கீழே இறக்கினோம். இறங்கும் வழியில் சீர்பாசாவின் பைன் மரங்கள் வந்ததுமே மனிதர் டீ கேட்டார்!

உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் இந்த உயரநோய்க்கு முதல் மருந்து இறங்குவது; வராமல் தடுக்க வழி, மெல்ல ஏறுவது. ஆகவே, கங்கோத்ரியில் முழுதாக ஒரு பகல் தங்கியவர்களுக்கு மட்டுமே நடைபயண அனுமதி செல்லும் என்று உத்தராகண்ட் வனத்துறை விதி வகுக்கலாம்.

ஒரு வாசகர், மதுரை