படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத் தலைவர்களின் ‘அரிய புகைப்படங்கள்’ என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் வெளிவந்ததும், அவை உண்மையா போலியா என்று வாசகர்கள் இரு அணியாகப் பிரிந்து எழுதிவரும் கடிதங்களும் என்னை இதை எழுதத் தூண்டின. டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன் நெடுநாள் இருட்டறையில் பிலிம் கழுவியும் பிரிண்ட் போட்டும் பிழைத்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த விவாதம் தொடக்கத்திலேயே வழி தவறிவிட்டது. நாளிதழில் அச்சான படத்தைப் பெரிதாக்கி, காதின் வடிவத்தையும் கண்களின் இடைவெளியையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அச்சான படம் என்பது சிறு புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகுமே தவிர முகம் தெளிவாகாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கொடுத்துத் தெளிவாக்கிப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருந்தது இன்னும் கவலை தருகிறது. மூலத்தில் இல்லாத இமையையும் சுருக்கத்தையும் அந்த மென்பொருள் தானாகவே வரைந்து நிரப்பிவிடுகிறது. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

ஒரு படம் உண்மையானதா என்று கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். படத்தில் காணும் நிகழ்ச்சி நடந்ததா என்பது ஒன்று. கையிலுள்ள பிரதி அந்தக் காலத்தியதா என்பது வேறு. அதன் கீழே அச்சிட்டிருக்கும் வரி சரியா என்பது மற்றொன்று. புகைப்படக் கலைஞர் யூசுப் கார்ஷ் 1941 டிசம்பர் 30 அன்று கனடா நாடாளுமன்றக் கட்டடத்தில் எடுத்த சர்ச்சிலின் படத்தை அறியாதவர் குறைவு. கார்ஷ் கையொப்பமிட்ட அப்படத்தின் பிரதி ஒன்று ஒட்டாவாவிலுள்ள ஷாத்தோ லோரியே விடுதியில் மாட்டப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி யாரோ அதைத் திருடிவிட்டுப் போலிப் பிரதி ஒன்றை அங்கே மாட்டிச் சென்றிருந்தது, 2022 ஆகஸ்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அத்தனை மாதங்களாக அதைப் பார்த்துச் சென்ற எவரும் சர்ச்சிலின் முகத்தில் பிழை கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் முகத்தில் பிழையே இல்லை. சட்டகம் மற்றவற்றோடு பொருந்தவில்லை என்று விடுதி ஊழியர் ஒருவர் கவனித்தார்; கையொப்பம் கார்ஷுடையது அன்று என்று அவருடைய படைப்புகளைப் பராமரிப்பவர் உறுதிசெய்தார். அசல் பிரதி பின்னர் இத்தாலியில் கண்டெடுக்கப்பட்டு 2024இல் திரும்பக் கிடைத்தது.

தாளைச் சோதிக்கவும் வழி உண்டு. புகைப்படத் தாள் வெண்மையாகத் தெரிவதற்காக ஒளிரும் வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் ஏறத்தாழ 1950களில்தான் தொடங்கியது. ஆகவே 1943இல் பிரிண்ட் போட்டதாகச் சொல்லப்படும் படம் இருட்டில் புற ஊதா விளக்கின் கீழ் நீலம் கலந்த வெண்மையாகப் பளிச்சிட்டால் அந்தத் தேதியை நம்ப இயலாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் அதற்கும் பிற்பட்டது. ஆனால் இந்தச் சோதனையில் தோற்றுவிட்டது என்பதாலேயே படத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. பழைய நெகட்டிவிலிருந்து இருபது ஆண்டுகள் கழித்து நானே பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தாள் புதியது, காட்சி பழையது.

அதேபோல் தூரிகைத் தடம் தெரிகிறது என்பதற்காகவே ஒரு படத்தைப் போலி என்பதும் சரியன்று. அந்நாளில் பென்சிலும் பிரஷ்ஷும் எடுத்து ‘டச்சிங்’ செய்யாத ஸ்டுடியோவே கிடையாது. நாளிதழ் அலுவலகங்களிலும் செய்தித்தாளில் படம் மங்கலாக அச்சாகும் என்பதால் உருவத்தின் ஓரங்களில் வெள்ளை தீட்டுவார்கள். கேட்க வேண்டியது, டச்சிங் எதை மாற்றியது என்பதே. 1937இல் மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நின்ற, சோவியத் ரகசியப் போலீஸின் அன்றைய தலைவர் யெஷோவ், 1940இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு அதே படத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்து வைத்தார்கள். நீக்கப்படாத பழைய பிரதி எஞ்சியதால்தான் இன்று நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

படம் அசலாக இருந்து அதனுடன் வரும் சொல் பொய்யாகிவிடுவதும் உண்டு. 1940 ஜூலை 31 அன்று ஹார்ட்டில்பூல் அருகே கடலோரப் பாதுகாப்பைப் பார்வையிட்ட சர்ச்சில், வாயில் சுருட்டோடு ‘டாமி’ என்னும் இயந்திரத் துப்பாக்கியை ஏந்தி நின்ற படம் எவ்விதக் கலப்படமும் இல்லாதது. ஜெர்மானியர்கள் அதையே துண்டறிக்கையில் அச்சிட்டு, தேடப்படும் கொலைகாரர் என்பதுபோல் காட்டினார்கள். நம்மவர்க்கு நெருக்கமான சான்று நேதாஜியின் படங்கள். இராணுவச் சீருடையில் அவரைக் கண்டதும் இந்திய தேசிய இராணுவக் காலம் என்று எழுதிவிடுகிறோம். 1928 டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலும் தொண்டர் படையின் தலைவராக அவர் சீருடை அணிந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 31; 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்திறங்கியபோது 46. உடலையும் முகத்தையும் சற்று நிதானித்துப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும். அவ்வளவு மதிக்கும் ஒரு தலைவரின் வாழ்வில் பதினைந்து ஆண்டுகளை நாம் இப்படிக் கவனமின்றிக் கலந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எவ்வளவு ஆராய்ந்தாலும் முடிவு எட்டாத படங்களும் இருக்கின்றன. 1914 ஆகஸ்ட் 2 அன்று மியூனிக் நகரின் ஓடியோன்ஸ்பிளாட்ஸில் திரண்ட கூட்டத்தில் இளைஞன் ஹிட்லர் நிற்பதாகக் காட்டும் படம் அத்தகையது. எடுத்தவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன். பின்னாளில் ஹிட்லரின் சொந்தப் புகைப்படக்காரர். படத்தில் ஹிட்லர் இருப்பதாக அது முதன்முதலில் வெளியிடப்பட்டது 1932 மார்ச் 12 அன்று, அதாவது ஜெர்மானிய அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள். மூலக் கண்ணாடி நெகட்டிவ் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் கெர்ட் குருமைஷ் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி அதன் உண்மைத்தன்மையை ஐயுற்றார். ஹோஃப்மனே ஹிட்லரின் உருவத்தைச் சேர்த்தார் என்று என்னால் அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் எவருக்கு ஆதாயம், எப்போது வெளிவந்தது, நெகட்டிவ் எங்கே என்னும் மூன்று கேள்விகளுக்கும் சாதகமான விடை இல்லாத ஒரு படத்தை ஐயத்துக்கு இடமின்றி அச்சிடுவது முறையாகாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய படங்களை வெளியிடும்போது எடுத்தவர் யார், மூலம் எந்த ஆவணக் காப்பகத்தில் உள்ளது, அங்கே அதன் எண் என்ன, வண்ணம் பின்னர் ஏற்றப்பட்டதா என்பவற்றைச் சிறிய எழுத்திலாவது கீழே அச்சிடுங்கள். விவரம் கிடைக்காத இடத்தில் ‘அரிய’ என்ற அடைமொழியை விட்டுவிட்டு ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்து அனுப்பும் படமாக இருந்தால் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தணிக்கை முத்திரை, பென்சிலில் கிறுக்கிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். இப்போது சர்ச்சையிலுள்ள படங்களுக்கும் இந்த விவரங்களைத் தேடி, கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்