சபாநாயகரின் பட்டமும் பதவியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தம்மைப் பற்றி உண்மைக்கு மாறாகச் சொன்ன அரசியல் தலைவர் பதவி விலகத்தான் வேண்டுமா, அவரது வேலையை மட்டும் பார்த்தால் போதாதா என்ற கேள்வி நம் நாட்டில் அவ்வப்போது எழுந்து, அடுத்த பரபரப்பு வந்ததும் அடங்கிவிடுகிறது. இலங்கை நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் அசோக ரன்வல அவர்களின் விடயத்தில் அது அடங்கிய விதம் எனக்குத் திருப்தியளிக்கவில்லை.

2024 நவம்பர் 21 அன்று சபாநாயகராக ஏகமனதாகத் தெரிவான அவர், டிசம்பர் 13 அன்று பதவி விலகினார். ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்பட்ட அவரது கலாநிதிப் பட்டத்துக்கு ஆதாரம் கேட்கப்பட்டது. எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு ஆயத்தமாகியது. தாம் பொய் சொல்லவில்லை என்றும், ஆவணங்களை உடனடியாக முன்வைக்க இயலவில்லை என்றும் கூறியே அவர் விலகினார். நாடாளுமன்ற உறுப்பினராக அவர் தொடர்ந்தார். அவர் பொய் சொன்னாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. எந்த விசாரணையும் அதை முடிவு செய்யாமலே விடயம் மூடப்பட்டது என்பதுதான் என் குறை.

அரச சேவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதுவினைஞனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். சாதாரண நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு வருபவர்கூடத் தம் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் கோப்பில் கொண்டுவருவார். நிழற்பிரதியின் ஓரத்தில் 'மூலப்பிரதியுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன்' என்று எழுதி, கையொப்பமிட்டு, பதவி முத்திரை குத்திய பிறகே அது மேசையைத் தாண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதமும் வேண்டும். பிற்காலத்தில் அது போலியென்று தெரிந்தால், அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தார் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

அரசியல்வாதிக்குக் கல்வித் தகைமை எதுவும் தேவையில்லையே, இல்லாத பட்டத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கிறார்கள். சபாநாயகர் பதவியின் இயல்பை நோக்கினால் அந்த வாதம் நிற்காது. அரசியலமைப்பின் 79ஆம் உறுப்புரையின்படி, சட்டமூலம் முறையாக நிறைவேறியது என்று சபாநாயகர் சான்றுரை எழுதிக் கையொப்பமிடுகிறார்; அவ்வாறு சட்டமான பின்னர் அதன் செல்லுபடித் தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது 80ஆம் உறுப்புரை. இணையத்தில் வெளியாகும் கருத்துகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு அன்றைய சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன 2024 பெப்ரவரி 1 அன்று சான்றுரை எழுதியபோது, உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் கூக்குரலிட்டதும், அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஒருவரின் எழுத்தை நாட்டின் நீதிமன்றங்களே தட்டிக் கேட்க முடியாத அளவுக்கு நம்ப வேண்டியிருக்கும் இடத்தில், அவர் தம்மைப் பற்றி எழுதியதை நம்ப முடியாவிட்டால், அந்த நாற்காலியில் அவர் இருக்கக் கூடாது.

எல்லாப் பொய்யையும் இப்படிக் கருத நான் தயாரில்லை. குடும்பத்துக்குள் சொல்லப்பட்ட பொய்யைக் கிளறுவது நமக்கு வேண்டாத வேலை. 1963இல் பிரித்தானியப் போர்த்துறை அமைச்சர் ஜோன் புரொபியூமோ வீழ்ந்த கதையைக் காதல் விவகாரமாகவே பலர் சொல்வார்கள். ஆனால் விலகல் கடிதம் எழுதும் நிலைக்கு அவரைத் தள்ளியது, மார்ச் மாதம் பொதுச் சபையில் எழுந்து நின்று அவர் கொடுத்த பொய்யான மறுப்பு. யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாரோ அவர்களிடமே பொய் சொல்லியிருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது, உறுப்பினர் பதவியும் போக வேண்டுமா என்பது. இங்கே நான் தயங்குகிறேன். விருப்பு வாக்குப் போட்ட கம்பஹா மாவட்ட மக்களுக்கு அவரைத் திருப்பி அழைக்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லை. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைச் சில சந்தர்ப்பங்களில் கொடுக்கிறது. நாடாளுமன்றப் பெரும்பான்மையே ஓர் உறுப்பினரை வெளியேற்றலாம் என்ற யோசனைக்கோ நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். 1980 ஒக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளைப் பறித்தது பெரும்பான்மை வாக்குத்தான். 1983இல் தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்யும் ஆறாம் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்து, தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழக்கும் நிலையை உருவாக்கியதும் அதே பெரும்பான்மைதான். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே, சபை கொடுத்த பதவியைச் சபை திருப்பி எடுக்கட்டும். மக்கள் கொடுத்த ஆசனத்தைத் தொடும் அதிகாரம் நீதிமன்றத்திடமும் வாக்காளரிடமும் மட்டுமே இருக்கட்டும்.

பதவியைப் பறிக்கும் முன் விசாரணை அவசியம் என்பதற்கு அதே டிசம்பரில் இன்னோர் உதாரணமும் கிடைத்தது. நீதி அமைச்சர் ஹர்ஷண நாணயக்காரவின் பெயருக்கு முன்னால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் 'கலாநிதி' என்று இருந்தது. தாம் அப்படிச் சொல்லவேயில்லை என்று அவர் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறையிட்டார். தரவுப் பதிவில் நேர்ந்த தவறு என்று நாடாளுமன்றத் தரப்பு விளக்கமளித்தது. ஆரவாரத்தை மட்டும் வைத்து முடிவெடுத்திருந்தால் அவரும் வீட்டுக்குப் போயிருப்பார்.

ஆகவே நாடாளுமன்றச் செயலாளர் நாயகத்தின் அலுவலகத்துக்கு என் வேண்டுகோள் எளிமையானது: உறுப்பினர்களின் கல்வித் தகைமையாக இணையத்தளத்தில் எதைப் போடுவதானாலும், மூலப்பிரதியைப் பார்த்த பின்னரே போடுங்கள். ஆட்சேபம் எழுந்தால் ஒழுக்கவியல் மற்றும் சிறப்புரிமைகள் பற்றிய குழு, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் தலைமையில் ஒரு மாதத்துக்குள் விசாரித்து, அறிக்கையை மூன்று மொழிகளிலும் வெளியிடட்டும். பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் பொதுச் சபையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் முடிவு செய்த குழுவின் ஏழு உறுப்பினர்களில் நால்வர் அவருடைய சொந்தக் கட்சியினர். தலைமை தாங்கியவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். நம் நாட்டில் 225 ஆசனங்களில் 159ஐ வைத்திருக்கும் ஆளுங்கட்சிக்கு அத்தகைய குழுவைக் கண்டு அஞ்சக் காரணம் எதுவுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர்,
கொக்குவில்