சைக்கிள் கிடக்கட்டும், ரசீதை முதலில் பார்

புனலூர்

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் வந்தது. மூத்தவனுக்குக் காலேஜ் சீட் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். சின்னவளுக்கு இருக்கும் டைப் 1 நீரிழிவு (உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டிய நோய்) பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, மலையைத் தாண்டிக் கொல்லம் வரை சைக்கிள் மிதிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய்.

நவம்பர் 14, நல்ல நாளாகத்தான் பிடித்திருக்கிறாய். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங் பிறந்த நாள் என்பதால் அது உலக நீரிழிவு தினம். நமக்குக் குழந்தைகள் தினமும் அதுவே. கார்த்திகை பிறப்பதற்கு முன் முடித்துவிடுவாய் என்பது கூடுதல் லாபம். மாலை போட்டவர்களின் வண்டிகள் ஆரியங்காவு சாலையில் இறங்கிவிட்டால் சைக்கிளுக்கு ஓரம்கூட மிஞ்சாது.

ஆனால் சைக்கிளுக்கு நாலு பக்கம் எழுதியவன், பணத்துக்கு ஒரே வரிதான் எழுதியிருக்கிறாய்: "என் ஜிபே நம்பரைப் போட்டுடலாம்." அங்கேதான் எனக்கு இடிக்கிறது. உன் கணக்கில் விழுந்தால் அது உன் பணம் மாதிரித்தான் தெரியும், கொடுத்தவருக்கு வருமான வரியில் 80ஜி சலுகையும் போச்சு. நோட்டீஸில், பணம் போய்ச் சேர வேண்டிய டிரஸ்டின் க்யூஆர் மட்டும் இருக்கட்டும். பேர், விலாசம், பான் நம்பர் மூன்றையும் கொடுக்கும்போதே எழுதி வாங்கு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஒருத்தரும் போனை எடுக்க மாட்டார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகையே, அதையும் முதலிலேயே சொல்லிவிடு.

துபாய் மச்சினன் இந்தியப் பாஸ்போர்ட்காரர். தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா மகன் கொடுத்தால் வரும். அதை வாங்க டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பணமும் ஸ்டேட் பாங்கின் டெல்லி மெயின் கிளையில் அதற்கென்று வைத்திருக்கும் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். பதிவு இல்லையென்றால் அவரிடம் கேட்கவே கேட்காதே.

அடுத்தது, எதற்காக வாங்குகிறாய் என்பது. "ஆராய்ச்சிக்கு" என்று சொல்லிப் பஜாரில் கை நீட்டினாலும், 500 ரூபாய் தருகிற கடைக்காரர் மனசில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைதான் நிற்கும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய் என்று வை, நாளைக்கு நாலு: ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 29,200. நீ சொல்லும் இரண்டு லட்சத்தில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் ஓடும். ஆய்வகத்தில் அதே பணம் இருந்த இடம் தெரியாது. அதற்காக ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1970ல் அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களே தொடங்கிய ஆராய்ச்சி அமைப்பான ஜேடிஆர்எஃப் (2024 முதல் பிரேக்த்ரூ டி1டி என்று பேர்) இப்படி சைக்கிள் மிதித்தும் பணம் சேர்க்கிறது. 2022ல் அங்கே அனுமதி கிடைத்த டெப்லிசுமாப் மருந்து, நோய் முழுதாக வெளிப்படுவதைச் சுமார் இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் ஊசியில்லாமல் கழிவது லேசான விஷயமா? ஆகவே நோட்டீஸில் இரண்டு கட்டம் போடு, ஆராய்ச்சி ஒன்று, ஸ்ட்ரிப் ஒன்று. கொடுப்பவரே டிக் அடிக்கட்டும். அதை இதில் மாற்றாதே. ஸ்ட்ரிப் பணத்தை உங்கள் பக்கமே செலவிடு. இங்கே கேரளாவில் இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் தர அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பேர் என்ன தெரியுமா? 'மிட்டாயி'!

இனி பாதை. புளியரை எஸ் வளைவு ஏற்றத்துக்கு நீ பயப்பட வேண்டாம், முன்னால் சின்னப் பல், பின்னால் பெரிய பல் போட்டு உருட்டினால் ஏறிவிடும். கோட்டைவாசல் தாண்டி தென்மலை வரை வரும் இறக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும். புறப்படுமுன் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார். ரப்பரில் மின்னும் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தால் ஊசி முனையால் தோண்டி எடு, இல்லாவிட்டால் ரிம்மை அராவிவிடும். மழையில் பிரேக் பிடித்தவுடன் நிற்காது, கட்டை முதலில் ரிம்மின் தண்ணீரைத்தான் துடைக்கும். வளைவுக்கு முன்பே பிடி. கழுதுருட்டியில் பதிமூணு கண்ணறைப் பாலத்தருகே செல்ஃபிக்கு நிற்கும் கார்களின் கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு கதவு அகலம் தள்ளியே போ. இங்கே துலாவர்ஷம், அதுதான் நம் வடகிழக்குப் பருவமழை, மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு கொட்டும். விடியுமுன் கிளம்பினால் மழைக்கு முன் கொல்லம் சேரலாம்.

சின்னவளைக் குண்டறையிலிருந்து கூட்டிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அந்த ரோட்டில் பஸ்காரர்கள் போடும் போட்டியில் பதினோரு வயசுப் பிள்ளைக்கு இடமில்லை. ஆசிராமம் மைதானத்தில் உன்னோடு சுற்றட்டும், போட்டோவும் அங்கேதான் நன்றாக வரும்.

ஏறுமுன் சர்க்கரை 126க்கும் 180க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 90க்குக் கீழே என்றால் முதலில் குளுக்கோஸ், பிறகுதான் சைக்கிள். 270க்கு மேல் என்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்காமல் ஏற்றாதே. காலை இன்சுலின் டோஸில் எவ்வளவு குறைப்பது என்று அவள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வை. ஊசியை அன்று தொடையில் போடாதே, மிதிக்கிற காலில் இன்சுலின் வேகமாக இழுக்கும்; வயிற்றில் போடு. 70க்குக் கீழே இறங்கினால் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், அவளுடைய 32 கிலோவுக்குப் பத்து கிராம் போதும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார். கடலைமிட்டாய் கொடுத்து நேரத்தை வீணாக்காதே, கடலையின் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். குளுக்கோஸ் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து பார், உடம்பு அசந்த பிறகும் சர்க்கரை இறங்கும். இன்சுலின் பேனாவைச் சட்டைப் பின்பையில் வெயிலில் சுமக்காதே, ஐஸ் பாக்கெட்டோடு ஒட்டியும் வைக்காதே. உறைந்துபோனால் தூக்கித்தான் போட வேண்டும்.

நோட்டீஸ் புரூஃபை அனுப்பு, மலையாளப் பக்கத்தை நான் பார்க்கிறேன். வெறும் 'ஷுகர்' என்று போட்டால் இங்கே எல்லாரும் தாத்தாவுக்கு வருகிற ஷுகர் என்றே நினைப்பார்கள். 'குட்டிகளுடைய டைப் 1 பிரமேஹம்' என்று பெரிய எழுத்தில் போடுவோம், கீழே "மிட்டாய் தின்றதால் வந்ததல்ல" என்று ஒரு வரி. அது தமிழ்ப் பக்கத்திலும் இருக்கட்டும்.

அன்புடன்,
கோமதிநாயகம்